ஊட்டிக்கு போகாத ஃபேமிலி எங்க போகுது? – வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல "லீவுக்கு தூரமா போறத விட்டுட்டு பக்கத்துலயே ஒரு நாள் ரெண்டு நாள் போயிட்டு வர்ற குடும்பங்கள நம்பி நீங்க என்ன வியாபாரம் பண்றீங்க"ன்னு கேட்டிருந்தேன். நான் நினைச்சத விட நிறைய பேர் எழுதியிருந்தீங்க, ஒரு சிலர் திட்டியும் எழுதியிருந்தீங்க. எல்லாத்துக்கும் இடம் இல்ல, கொஞ்சம் எடுத்துருக்கேன்.

கேள்வி: ஏலகிரியில நாலு ரூம் வச்சு ஹோம்ஸ்டே நடத்துறோம். சனி ஞாயிறு 2,800 ரூபா, மத்த நாள்ல 2,000. முன்னாடி ஊட்டி கொடைக்கானல்னு போனவங்க இப்ப செலவு கட்டுப்படியாகலன்னு இங்க வர்றாங்க. ஆனா போன் பண்ணி ரேட்ட கேட்டுட்டு வச்சிடுறாங்க. ரேட்ட குறைச்சிடலாமா?
– வாசகி, ஏலகிரி

குறைக்காதீங்கம்மா. கொஞ்சம் பொறுமையா கேளுங்க, இது உங்களுக்கு மட்டும் இல்ல, இங்க எழுதியிருக்கிற பாதி பேருக்கும் சேர்த்துதான் சொல்றேன்.

முதல்ல ஒண்ணு, அவங்க எல்லாரும் காசு இல்லாம மட்டும் இங்க வரல. 2024 மே மாசத்துல இருந்து ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ், அப்புறம் 2025 ஏப்ரல்ல இருந்து ஜூன் வரைக்கும் ஊட்டிக்கு ஒரு நாளைக்கு சாதா நாள்ல 6,000 வண்டி, வார கடைசியில 8,000 வண்டிதான்னு ஐகோர்ட் உத்தரவுல கணக்கு வச்சாங்க, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. அதனால வசதி இருக்கிறவங்களே "எதுக்கு இந்த தலைவலி, ஜோலார்பேட்டைல இறங்கினா மலை கண்ணு முன்னாடி நிக்குது"ன்னு உங்க பக்கம் திரும்புறாங்க. அதனால வர்றவங்க எல்லாரையும் "பாவம் காசு இல்லாதவங்க"ன்னு பாக்காதீங்க, அப்படி பாத்தா போன்ல உங்க குரலே மாறிடும்.

ரெண்டாவது, காசு மிச்சம் பண்ணணும்னு வர்ற குடும்பமும் உங்க 2,800 ரூபாய பாத்து பயப்படல. 2,800க்கு மேல என்னென்ன வரும்னு தெரியாததுதான் பயம். எக்ஸ்ட்ரா பெட் எவ்வளவு, ராத்திரி சாப்பாடு எவ்வளவு, பாட்டிக்கு தனியா காசா, கார் நிறுத்த காசா, காலைல வெந்நி வருமா. வீட்ல கணக்கு போடுறவங்க யாருன்னு நினைக்கிறீங்க, போன் பண்றது அப்பாவா இருக்கலாம், ஆனா பக்கத்துல உக்காந்து கை ஜாடைல "அத கேளு இத கேளு"ன்னு சொல்றது அம்மா. அந்த அம்மா கேக்க நினைச்சத அப்பா கேக்க மறந்துட்டார்னா போன வச்சதும் வீட்ல சண்டை, அப்புறம் டூரே கேன்சல். அதனால அவங்க கேக்குறதுக்கு முன்னாடி நீங்களே சொல்லிடுங்க. "ரெண்டு பெரியவங்க, ரெண்டு பசங்க, ஒரு பாட்டி, சனிக்கிழமை மதியம் சாப்பாட்டுல இருந்து ஞாயிறு காலை டிபன் வரைக்கும் எல்லாம் சேர்த்து இவ்வளவு, இதுக்கு மேல நீங்க ஒரு ரூபா எடுக்க வேண்டாம்"னு ஒரே தொகை. அந்த தொகை 2,800ஐ விட நிறையத்தான் இருக்கும், இருந்துட்டு போகட்டும். ஜிஎஸ்டி ரிஜிஸ்டர் பண்ணியிருந்தா அதையும் உள்ள போட்டே சொல்லுங்க, 2025 செப்டம்பர் 22ல இருந்து 7,500 ரூபா வரைக்குமான ரூமுக்கு 12 சதவீதம் இருந்தது 5 ஆயிடுச்சு, உங்க ஆடிட்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

மூணாவது போட்டோ. உங்க லிங்க்ல போய் பாத்தேன், எல்லாம் மலை, மேகம், பூ. அம்மா, மலை எல்லா ஹோம்ஸ்டேலயும் இருக்கு! பாத்ரூம் போட்டோ போடுங்க. முட்டி வலி பாட்டிக்கு வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கான்னு தெரியணும், வாசல்ல எத்தனை படின்னு தெரியணும், கார் எங்க நிக்கும்னு தெரியணும். கீசர் எத்தனை மணியில இருந்து எத்தனை மணி வரைக்கும் ஓடும்னு எழுதி போட்டீங்கன்னா பூ போட்டோவ விட அதுக்குத்தான் புக்கிங் வரும்.

அப்புறம் உங்க கையில இருக்கிற ஒரு சரக்க நீங்க விக்கவே இல்ல. ஏலகிரி ஏறும்போது 14 கொண்டை ஊசி வளைவு, அதுக்கு பாரி காரி ஓரி, கபிலர் ஔவையார் பாரதியார்னு பேர் வச்சு போர்டு வச்சிருக்காங்க. புக் பண்ணவங்களுக்கு கிளம்புற அன்னிக்கு காலைல வாட்ஸப்ல ஒரு பக்கம் அனுப்புங்க, 14 கட்டம், ஒவ்வொண்ணுலயும் பசங்க போர்ட பாத்து பேர எழுதணும், 14ம் சரியா எழுதினவங்களுக்கு மேல வந்ததும் ஒரு கடலை மிட்டாய். செலவு உங்களுக்கு ரெண்டு ரூபா. பின் சீட்ல போன் நோண்டிக்கிட்டு வர்ற பையன் ஜன்னல பாத்துக்கிட்டு வருவான், வாந்தியும் கொஞ்சம் குறையும், அப்பா அத வீடியோ எடுத்து போடுவார், நீங்க விளம்பரத்துக்கு காசே குடுக்கல. எதுக்கும் வந்து இறங்கினதும் குடுக்க எலுமிச்சம்பழ ஜூஸ் ரெடியா வச்சுக்கோங்க, 14 வளைவுக்கு அப்புறம் ஒரு ஆளாவது அத தேடும்.

திங்கள்ல இருந்து வியாழன் வரைக்கும் ஈ ஓட்டுறோம்னு கடைசி வரியில எழுதியிருந்தீங்க. ஞாயிறு லீவு இல்லாத ஆளுங்க யாருன்னு யோசிங்க. ஜவுளிக்கடை, ஹோட்டல், பியூட்டி பார்லர், ஆஸ்பத்திரி நர்ஸ், இவங்களுக்கெல்லாம் வார லீவு செவ்வாய் புதன்ல வரும், அன்னிக்கு அவங்கள கூப்பிட ஆளே இல்ல. வேலூர், திருப்பத்தூர், கிருஷ்ணகிரில இருக்கிற கடை சங்கம், ஆஸ்பத்திரி ஸ்டாஃப் குரூப்ல உங்க 2,000 ரூபா ரேட்ட போட சொல்லுங்க. மே மாசம்னா இன்னொரு கூட்டம் இருக்கு, அப்பா அம்மா ரெண்டு பேரும் வேலைக்கு போக, லீவுல பசங்கள வச்சுக்கிட்டு முழிக்கிற தாத்தா பாட்டி. அவங்களுக்கு சனிக்கிழமை கூட்டமே வேண்டாம்.

கேள்வி: சிதம்பரத்துல மெஸ் வச்சிருக்கேன். பிச்சாவரம் போற கார் எல்லாம் என் கடைய தாண்டித்தான் போகுது, ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. ஃபிளெக்ஸ் பெருசா வைக்கலாமா?
– வாசகர், சிதம்பரம்

அண்ணே, 60 கிலோமீட்டர் ஸ்பீடுல போறவன் ஃபிளெக்ஸ்ல எதையும் படிக்க மாட்டான், அதுவும் போட்டிங்குக்கு லேட் ஆயிடுச்சுன்னு போறவன். நீங்க அவன போகும்போது பிடிக்க பாக்குறீங்க, திரும்பி வரும்போது பிடிங்க.

அந்த குடும்பத்தோட ஒரு நாள நினைச்சு பாருங்க. நெய்வேலி, கடலூர், பாண்டி, கும்பகோணம் பக்கத்துல இருந்து காலைல கிளம்பி வர்றாங்க, பிச்சாவரத்துல போட்ல போறாங்க, வெயில் ஏறுது, 12 மணிக்கு மேல சிதம்பரம் வந்தா கோயில் நடை சாத்தியிருக்கும், சாயங்காலம்தான் திறக்கும். இந்த நாலு மணி நேரம் அவங்க என்ன பண்ணுவாங்க? கைக்குழந்தை தூங்கணும், பாட்டி கால நீட்டணும், எல்லாருக்கும் பாத்ரூம் வேணும், போன் சார்ஜ் போயிருக்கும். இப்ப எங்கயாவது கார் ஏசிய போட்டுக்கிட்டு பெட்ரோல எரிச்சுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. உங்களுக்கு மாடி சும்மா கிடக்குன்னு எழுதியிருக்கீங்களே, அத பெருக்கி நாலு ஃபேன் போட்டு பாய் விரிங்க. "சாப்பிட்டவங்க நடை திறக்குற வரைக்கும் மாடில ரெஸ்ட் எடுத்துக்கலாம், லேடீஸ் டாய்லெட் தனியா இருக்கு, சார்ஜ் போட்டுக்கலாம்"னு எழுதி வையுங்க. நீங்க சோறு விக்கிற கடைதான், ஆனா அந்த குடும்பத்துக்கு அன்னிக்கு ரொம்ப தேவை அந்த நாலு மணி நேர நிழல்தான்.

போர்டு வைக்கணும்னு ஆசையா இருந்தா உங்க கடை வாசல்ல வேண்டாம், கிள்ளை பக்கம் வண்டி மெதுவா போற இடத்துல பஞ்சாயத்துல கேட்டு சின்னதா வையுங்க: "போட்டுக்கு போகும்போது ஆர்டர் சொல்லிட்டு போங்க, வந்ததும் சூடா ரெடி", கீழ வாட்ஸப் நம்பர். இது உங்களுக்கும் லாபம், எத்தனை பேர்னு முன்னாடியே தெரிஞ்சா இறால் மிச்சம் ஆகாது.

இன்னொண்ணு, மெனுவுல அரை பிளேட் போடுங்க. பசங்களுக்கு முழு மீல்ஸ் வாங்கி பாதி இலையில கிடக்குறத பாக்கும்போது அந்த அம்மாவுக்கு வர்ற கோவம் உங்க சாப்பாடு எவ்வளவு நல்லா இருந்தாலும் ஆறாது. (சிதம்பரத்துல உக்காந்துக்கிட்டு சம்பா சாதம் கொத்சு மெனுவுல இல்லன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுக்கு தனியா ஒரு நாள் உங்கள திட்டணும். வெளியூர்க்காரன் அத கேட்டுக்கிட்டுத்தான் வர்றான்.)

கேள்வி: என்கிட்ட ஏழு சீட் கார் இருக்கு, ஒயிட் போர்டு. தெருவுல இருக்கிற ஃபேமிலிங்கள ஞாயிறு ஞாயிறு ஏற்காடு, ஒகேனக்கல்னு கூட்டிட்டு போனா நல்லா ஓடும்ல?
– வாசகர், சேலம்

ஓடும், பிடிக்கிற வரைக்கும். ஒயிட் போர்டுல வாடகைக்கு ஓட்டக்கூடாது தம்பி, மஞ்சள் போர்டு பெர்மிட் வேணும். ஃபைன விடுங்க, ஏற்காடு 20 வளைவுல ஒண்ணுல ஏதாவது ஆச்சுன்னா இன்சூரன்ஸ் கைய விரிச்சுடும், அடுத்தவங்க குழந்தைங்க உக்காந்திருக்கிற வண்டி. மாத்திக்கிட்டு வாங்க, அப்புறம் மார்க்கெட்டிங் பேசலாம்.

கேள்வி: நானும் வீட்டுக்காரரும் சம்பளத்துல மிச்சம் பிடிச்சுத்தான் வருஷத்துக்கு ஒரு தடவை பசங்கள பக்கத்துல எங்கயாவது கூட்டிட்டு போறோம். அதுலயும் எப்படி காசு பிடுங்கலாம்னு நீங்க கிளாஸ் எடுக்குறீங்க. மனசாட்சி இருக்கா?
– வாசகி, மதுரை

கேள்வி நியாயம், கோவமும் நியாயம். சமாளிக்காம பதில் சொல்றேன்.

நான் விளம்பர வேலையில இருந்தப்ப ஒரு பொழுதுபோக்கு பார்க்குக்கு நோட்டீஸ் எழுதினேன், பேர் வேண்டாம். "குடும்பத்தோட வாங்க, 999 மட்டும்"னு பெரிய எழுத்து, கீழ எறும்பு சைஸ்ல நட்சத்திரம் போட்டு "ஒருவருக்கு, வரி தனி, லாக்கர் தனி". முதல் ஞாயிறு நல்ல கூட்டம், எங்க எம்டி கை குடுத்தார். மத்தியானம் நான் கவுன்ட்டர் பக்கம் போய் நின்னேன். ஒரு அண்ணன், கூட ரெண்டு பொண்ணுங்க, வீட்டம்மா, எண்ணி எடுத்துட்டு வந்த காச திரும்பவும் எண்ணிக்கிட்டு நிக்கிறார். கடைசில பொண்ணுங்க ரெண்டு பேரையும் மட்டும் உள்ள அனுப்பிட்டு அவங்க ரெண்டு பேரும் சாயங்காலம் வரைக்கும் கேட்டுக்கு வெளிய மரத்தடியில உக்காந்திருந்தாங்க. அந்த நோட்டீஸ எழுதினது நான்தான். அதுக்கப்புறம்தான் எனக்கு இந்த "மொத்த தொகைய முதல்லயே சொல்லு" பைத்தியம் பிடிச்சது, மேல ஏலகிரி அம்மாவுக்கு எழுதினதும் அதே பைத்தியம்தான்.

உங்க கூட சேர்ந்து நானும் ஒரு சண்டை போடுறேன். "வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை" போர்டு. கட்டுசாதம் இல்லாம நம்ம ஊர்ல ஒரு குடும்பம் வெளிய கிளம்புமா? புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் விடியக்காலைல எழுந்து கட்டினதுதான் பாதி டூரே. அத கேட்ல பிடுங்கி வச்சுக்கிட்டு உள்ள 180 ரூபாய்க்கு காஞ்சு போன ஃப்ரைட் ரைஸ் விக்கிற இடத்துக்கு ஒரு தடவை வருவாங்க, மறுபடி வரமாட்டாங்க. வியாபாரிங்களுக்கு சொல்றேன், கட்டுசாதத்த உள்ள விடுங்க, உக்கார நிழலும் கை கழுவ தண்ணியும் குடுங்க, பக்கத்துலயே சூடா மெதுவடை, அப்பளம், மோர், டீ, ஐஸ்கிரீம் போடுங்க. வீட்ல இருந்து சூடா வடைய யாரும் கொண்டு வர முடியாது. புளியோதரைக்கு அப்பளம் இல்லாம சாப்பிடுற ஆளும் கிடையாது.

தூரமா இருக்கிற ஊருக்கு போற ஆளு ஆயுசுல ஒரு தடவை வருவான், அவன ஏமாத்தினாலும் திரும்பி வந்து கேக்க மாட்டான், அதனாலதான் பல டூரிஸ்ட் ஊர்ல அப்படி ரேட்டு. பக்கத்து ஊர்க்காரன் அப்படி இல்ல, 50 கிலோமீட்டர்ல இருக்கான், அவன் மச்சான் வருவான், பொண்ணு காதுகுத்துக்கு மொத்த சொந்தமும் வரும். அவன பிடுங்கினா வியாபாரிக்குத்தான் நஷ்டம். நான் எடுக்குற கிளாஸ்ல இதுதான் முதல் பாடம், நீங்க வந்து ஒரு நாள் உக்காந்து பாருங்க.

கேள்வி: இன்ஸ்டால நிறைய ஃபாலோயர் இருக்கிற ஒருத்தர் எங்க ஃபார்ம்ல குடும்பத்தோட ரெண்டு நாள் ஃப்ரீயா தங்கி ரீல்ஸ் போடுறேன்னு கேக்குறார். ஒத்துக்கலாமா?
– வாசகர், பொள்ளாச்சி

அவரோட ஃபாலோயர் எத்தனைன்னு கேக்காதீங்க, எந்த ஊர்லன்னு கேளுங்க, ஸ்கிரீன்ஷாட் காட்ட சொல்லுங்க. துபாய்லயும் டெல்லிலயும் லைக் போடுறவன் உங்க தென்னந்தோப்புக்கு வர மாட்டான். உங்களுக்கு வேண்டியது உடுமலை, திருப்பூர், கோவை, பாலக்காடு. அந்த ஊர்ல 4,000 பேர் வச்சிருக்கிற ஒரு டீச்சரம்மாவோ, அபார்ட்மென்ட் குரூப் அட்மினோ வந்துட்டு போனா ரெண்டு லட்சம் ஃபாலோயர விட வேலை நடக்கும். ஒத்துக்கிட்டீங்கன்னா ஃப்ரீயா தங்கினேன்னு வீடியோவுலயே அவர சொல்ல சொல்லுங்க, 2023 ஜனவரில மத்திய நுகர்வோர் துறை போட்ட வழிமுறையில ஓசி ஹோட்டல் தங்கலும் வருது, சொல்லியே ஆகணும்.

கேள்வி: வேளச்சேரில ஸ்டேஷனரி கடை. மே மாசம் எல்லாரும் ஊருக்கு போயிடுவாங்கன்னு ஷட்டர பாதி இறக்கி வச்சிருப்பேன். இப்ப பாதி பேர் எங்கயும் போகாம வீட்லயேதான் இருக்காங்க. அவங்களுக்கு என்ன விக்கலாம்?
– வாசகர், சென்னை

இந்த கேள்வி எனக்கு ரொம்ப பிடிச்சுது. அமெரிக்காவுல 2008ல பெட்ரோல் விலை கேலனுக்கு 4 டாலர தாண்டினப்ப இதே மாதிரிதான், வெளிய போக முடியாதவங்க வீட்லயே லீவ கொண்டாடினாங்க, அதுக்கு ஸ்டேகேஷன்ங்கிற பேரு எல்லா பக்கமும் பரவி அடுத்த வருஷம் மெரியம்-வெப்ஸ்டர் டிக்‌ஷனரிலயும் ஏறிடுச்சு. நம்ம ஊர்ல அதுக்கு பேரு "இந்த வருஷம் எங்கயும் போகல".

வீட்ல இருக்கிற அம்மாவோட பிரச்சனை ஒண்ணே ஒண்ணு, காலைல பத்து மணிக்கு "மா போர் அடிக்குது". அத நீங்க தீர்த்து வைக்கணும். கேரம் போர்டு, பெரிய செஸ் செட், கூடாரம் மாதிரி விளையாட்டு டென்ட், இதையெல்லாம் விக்க பாக்காதீங்க, வாரத்துக்கு வாடகைக்கு விடுங்க. ஃபிளாட்ல வைக்க இடம் கிடையாது, ஒரு வாரத்துல அலுத்து போயிடும், திரும்ப குடுக்க வரும்போது இன்னொண்ணு எடுப்பாங்க, கூடவே கலர் பென்சிலும் கிளேயும் வாங்குவாங்க. பல்லாங்குழியும் தாயக்கட்டையும் வைங்க, ஆடுற முறைய ஒரு பக்கத்துல ஜெராக்ஸ் எடுத்து குடுங்க, ஏன்னா நிறைய அம்மா அப்பாவுக்கே மறந்து போச்சு, கேட்டா கௌரவ குறைச்சல்னு கேக்க மாட்டாங்க.

அப்புறம் "சென்னைக்குள்ள ஒரு வாரம்"னு ஒரு அட்டை அடிங்க. எழும்பூர் மியூசியம், பெரம்பூர் ரயில் மியூசியம், கோட்டூர்புரம் பிர்லா கோளரங்கம், வண்டலூர். எந்த பஸ், எங்க நிழல், எங்க தண்ணி. முக்கியமா எந்த நாள் லீவு. எழும்பூர் மியூசியம் வெள்ளிக்கிழமை கிடையாது, வண்டலூர் செவ்வாய்க்கிழமை கிடையாது. இது தெரியாம வெயில்ல போய் பூட்டின கேட்ட பாத்துட்டு வந்த குடும்பம் எத்தனை! போயிட்டு வந்த டிக்கெட்ட பசங்க அட்டைல ஒட்டி கடைக்கு கொண்டு வந்தா ஒரு ஸ்டாம்ப், நாலு ஸ்டாம்புக்கு ஒரு ஸ்கெட்ச் பேனா செட். அட்டையோட பின்பக்கத்த ஐஸ்கிரீம் கடைக்கும் பக்கத்து பேக்கரிக்கும் விளம்பரத்துக்கு குடுத்துடுங்க, அச்சடிக்கிற செலவு அதுலயே வந்துடும். இத ஏப்ரல் கடைசி பரீட்சை முடியற அன்னிக்கு ஸ்கூல் வாசல்ல குடுக்கணும், மே பத்தாம் தேதி குடுத்தா அதுக்குள்ள அவங்க பெரியம்மா வீட்டுக்கு கிளம்பியிருப்பாங்க.

கேள்வி: ஊருக்கெல்லாம் ஐடியா குடுக்குறீங்களே, நீங்க லீவுக்கு எங்க போவீங்க?
– வாசகர், ஈரோடு

மேட்டூர். 1934ல கட்டி முடிச்ச டேம், பார்க்குல பசங்க விளையாடும், அப்புறம் மீன் வறுவல். அங்க ஒரு அக்கா கடை, போர்டு கிடையாது, இன்ஸ்டா கிடையாது. எட்டு வருஷத்துக்கு முன்னாடி சாப்பிட்டு முடிச்சதும் "நம்பர குடுங்க சார்"னு வாங்கி வச்சுக்கிட்டாங்க, எதுக்குன்னு எனக்கு புரியல. அந்த வருஷம் டெல்டாவுக்கு தண்ணி திறந்த அன்னிக்கு காலைல ஒரு மெசேஜ், "தண்ணி தொறந்துட்டாங்க, பாக்க நல்லா இருக்கு, பசங்கள கூட்டிட்டு வாங்க". மீன பத்தி ஒரு வார்த்தை இல்ல. வருஷா வருஷம் ஜூன் பிறந்தா நானே போன பாக்க ஆரம்பிச்சுடுறேன், 12ம் தேதி திறப்பாங்களா மாட்டாங்களான்னு செய்திய விட அந்த அக்காவ நம்பித்தான் கிளம்புறோம். போன தடவை நாங்க போய் சேர ரெண்டு மணி ஆயிடுச்சு, மீன் தீர்ந்து போச்சு, "பரிசல் வந்துட்டு இருக்கு, ஒரு மணி நேரம் ஆகும், இருக்கீங்களா?"ன்னாங்க. எல்லாரும் கையில கட்டுசாத தூக்குவாளிய வச்சுக்கிட்டே இருந்தோம்.